மெசி பேர்குசன் 135: ஹைட்ரோலிக் ஒயில் குறைந்திருக்கிறது, எதை ஊற்றுவது?

உரும்பிராய்_செம்மண்

எல்லோருக்கும் வணக்கம். அப்பா 1978 இல் பழசாக வாங்கிய மெசி பேர்குசன் 135 உழவு இயந்திரம் ஒன்று எங்கள் வளவில் நிற்கிறது. மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் எஞ்சின். 1995 ஒக்டோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பி நடந்தபோது எங்கள் ஒழுங்கையில் இருந்த மூன்று குடும்பங்களை நாவற்குழிப் பாலம் தாண்டிச் சாவகச்சேரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்த மெசின்தான், அதனால் விற்கச் சொல்லி யார் கேட்டாலும் அம்மா சம்மதிப்பதில்லை. அப்பா போன பிறகு நாலு வருசமாகக் கொட்டிலுக்குள் நின்றது. கொட்டிலின் ஒரு தகரம் காற்றுக்குப் பறந்து மழைச்சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்ததை நான் பிந்தித்தான் கவனித்தேன்.

போன மாதம் பற்றறி மாற்றி, டீசல் தாங்கியைக் கழுவி, பில்டர் போட்டு, காற்று எடுத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினேன். பிடித்துவிட்டது, எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. பிரச்சினை பின்னால் கலப்பையைத் தூக்கும் லிப்டில். கொத்துக் கலப்பையைக் கொழுவித் தூக்கினால் மெல்ல மெல்ல, நடுங்கி நடுங்கித்தான் ஏறுகிறது. எஞ்சினை நிறுத்தினால் ஐந்து நிமிடத்துக்குள் கலப்பை நிலத்தில். அளவு பார்க்கும் ஒயில் கம்பியைத் தேடிப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், கீழ்க் கோட்டுக்கும் கீழே நிற்கிறது.

எண்ணெய்க் கடையில் 90 கியர் ஒயில் ஊற்றச் சொல்கிறார்கள். பக்கத்து வளவு அண்ணை எஞ்சின் ஒயில் 40 போதும் என்கிறார். டவுனில் சாமான் கடைக்காரர் ஹைட்ரோலிக் 68 என்று ஒரு வாளியை எடுத்து முன்னால் வைத்தார். மூன்று பேரும் மூன்று சொன்னால் நான் எதை வாங்குவது? எத்தனை லீற்றர் பிடிக்கும்? எங்கே ஊற்றுவது? இருக்கைக்கு முன்னால், கியர் தடிகளுக்குப் பின்னால் ஒரு மூடி இருக்கிறது, அதுதானா? நீர்வேலிப் பக்கம் எங்களுக்கு வயல் இருக்கிறது, ஆவணிக்குள் புழுதி உழவு முடித்துவிட வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பரந்தன்_வயல்

தம்பி, முதலில் ஒன்று. இப்போதைக்கு எந்த ஒயிலையும் ஊற்ற வேண்டாம். நாலு வருசம் சாரல் பட்டு நின்ற மெசின் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் மேலே புது ஒயில் விடுவது நல்ல பாலைத் திரைந்த பாலில் ஊற்றுகிற மாதிரி. காசும் போகும், பம்பும் போகும்.

நீங்கள் பார்த்த அளவு சரியா என்பதே எனக்குச் சந்தேகம். கலப்பை தூக்கி இருக்கும்போது பார்த்தீர்களா, இறக்கி வைத்துப் பார்த்தீர்களா? லிப்டின் கைகள் மேலே நிற்கும்போது ஒயிலில் ஒரு பங்கு சிலிண்டருக்குள் நிற்கும், அப்போது கம்பி குறைத்துத்தான் காட்டும். மெசினைச் சமமான நிலத்தில் விடுங்கள், முற்றத்துச் சரிவில் வேண்டாம். கைகளை முழுக்க இறக்குங்கள். எஞ்சினை நிறுத்தி ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். பிறகு வலது பக்கம், பிறேக் மிதிகளுக்குப் பின்னால் இருக்கும் பக்கத் தட்டில் ஒயில் கம்பியைச் சுற்றியுள்ள மண்ணை வடிவாகத் துடையுங்கள். துடைக்காமல் இழுத்தால் உரும்பிராய்ச் செம்மண் நேரே பம்புக்குள் போகும். இழுத்து, துணியால் துடைத்து, திரும்ப முழுக்க விட்டு, மறுபடி இழுத்துப் பாருங்கள். முதல் தடவை இழுத்ததில் தெரியும் அளவை நம்ப வேண்டாம்.

அளவைப் பார்க்கிற நேரத்திலேயே நிறத்தையும் பாருங்கள், எனக்கு அதுதான் முக்கியம். தேன் நிறம், கடும் தேத்தண்ணி நிறம் என்றால் பயமில்லை. பால் தேத்தண்ணி நிறம் என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு பால்பேணி மூடியை அடுப்பில் சூடாக்கி, இறக்கி வைத்து, அதில் இரண்டு சொட்டு விடுங்கள். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர். நல்ல ஒயில் புகைக்கும், பொரியாது. முகத்தைக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்த மெசினில் ஹைட்ரோலிக்குக்கு என்று தனித் தாங்கி கிடையாது. கியர் பெட்டி, பம்ப், பின் சில்லுகளைச் சுற்றும் டிபரன்சல் எல்லாம் ஒரே ஒயிலில் குளிக்கின்றன. பம்ப் நடு உடம்புக்குள், ஒயிலுக்குள்ளேயே அமிழ்ந்து இருக்கிறது, நாலு பிஸ்ரன் உள்ள பம்ப். ஹரி பேர்குசன் அமைத்த முறை அது, 1946 இல் வந்த சாம்பல் நிற டிஈ20 தொடங்கி 35, 135 வரைக்கும் அடிப்படை ஒன்றுதான். அதில் கட்டுப்பாட்டு வால்வு பம்புக்கு ஒயில் போகும் பக்கத்தில், அதாவது உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே ஒயில் குறைந்தாலோ, உறிஞ்சும் வாயில் உள்ள வலை அடைத்தாலோ பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும். உங்கள் லிப்ட் நடுங்குவதற்கு முதல் காரணமாக நான் சந்தேகப்படுவது இதைத்தான்.

ஐந்து நிமிடத்தில் இறங்குவது வேறு வருத்தம். எஞ்சின் நின்ற பிறகு கலப்பையைப் பிடித்து வைப்பது சிலிண்டருக்குள் அடைபட்ட ஒயில். அது எங்கேயோ கசிகிறது. லிப்ட் பிஸ்ரனின் சீலாக இருக்கலாம், வால்வாக இருக்கலாம். ஒயில் எவ்வளவு ஊற்றினாலும் அது மாறாது. அதற்கு ஒரு சோதனை: கலப்பையைத் தூக்கி வைத்து எஞ்சினை ஓட விடுங்கள். கைகள் கொஞ்சம் இறங்கி, டக்கென்று ஏறி, திரும்ப இறங்கி ஏறித் தலையாட்டினால் கசிவு பெரிது. அசையாமல் நின்றால் இந்தப் போகத்துக்குச் சமாளிக்கலாம். இதைப் பார்க்கும்போது ஒருவரும் கலப்பைக்குக் கீழே கை, கால் வைக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளை முற்றத்தில் நிற்க விட வேண்டாம்.

எந்த ஒயில் என்பதை நிறத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், பிறகு கதைப்போம்.

வல்லைவெளி

இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. எங்கள் மெசி 35 க்கு அப்பா காலம் தொட்டு 90 கியர் ஒயில்தான். முப்பது வருசத்துக்கு மேல் ஓடுகிறது, லிப்ட் இன்றைக்கும் தூக்குகிறது. வாங்கி ஊற்றுங்கள், உழவைப் பாருங்கள்.

பரந்தன்_வயல்

@வல்லைவெளி, நீங்கள் சொல்வதை நான் பிழை என்று சொல்லவில்லை. அந்தக் காலத்தில் இந்த மெசின்கள் 80, 90 கியர் ஒயில் போட்டு ஓடியவைதான், எங்கள் வெக்கைக்கு 90 அவ்வளவு தடிப்பும் இல்லை. குளிர் நாட்டில்தான் அது காலையில் உறைந்து பம்புக்குள் போகாமல் நிற்கும். சண்டைக்காலப் பொருளாதாரத் தடையில் 90 கிடைத்ததே பெரிய விசயம், கிடைத்ததை ஊற்றி ஓடிய மெசின்கள் எத்தனை. ஆனால் இப்போது கடையில் 90 என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது ஜிஎல்-5 தரம். அது லொறி டிபரன்சலுக்கு நல்லது. பழைய மெசினின் உள்ளே வெண்கலப் புஷ்கள் இருக்கின்றன, சில ஜிஎல்-5 ஒயில்களில் உள்ள கந்தகச் சேர்க்கை காலப்போக்கில் அந்த மஞ்சள் உலோகத்தை அரிக்கும். 90 தான் வேண்டும் என்றால் ஜிஎல்-4 என்று கலனில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

எனக்கென்றால் யூரிரிஓ என்று வரும் உழவு இயந்திரப் பொது ஒயில்தான் விருப்பம். கியர், ஹைட்ரோலிக் இரண்டுக்கும் சேர்த்தே செய்தது. மெசியின் எம்1135 தரத்துக்குப் பொருந்தும் என்று வாளியில் அச்சடித்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வெறும் ஹைட்ரோலிக் 68 பம்புக்குச் சந்தோசம், ஆனால் அதே ஒயில்தான் டிபரன்சலின் கிறவுண் பல்லுக்கும் போகிறது, அந்த அழுத்தத்தை அது தாங்காது. எஞ்சின் ஒயிலும் அப்படித்தான், கூடவே அதில் உள்ள கழுவும் மருந்து தண்ணீரைப் பிரிய விடாமல் கலக்கி வைத்திருக்கும்.

@உரும்பிராய்_செம்மண், உங்கள் 135 இல் ஓடும்போதே வேகம் மாற்றும் மல்டி பவர் இருக்கிறதா? முன் தட்டில் ஹை, லோ என்று மாற்றும் சின்னத் தடி இருந்தால் அதுதான். அந்த மெசினுக்கு 90 ஊற்றவே கூடாது, அதற்கு மெல்லிய ஒயில் வேண்டும். இன்னொன்று, மல்டி பவர் மெசின் லோவில் இருக்கும்போது எஞ்சின் பிடித்து நிறுத்தாது, இறக்கத்தில் இழுவைப் பெட்டியோடு போகும்போது கவனம்.

கோப்பாய்_மகள்

என்னிடம் அப்பாவின் 35 இருக்கிறது, நானே ஓட்டுகிறேன், சேர்விசும் நானேதான் செய்கிறேன். பரந்தன் அண்ணை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தண்ணீர் எங்கால் போகிறது என்று தெரியாமல் ஒயில் மாற்றினால் அடுத்த கார்த்திகைக்கு அதே கதைதான்.

எங்கள் மெசினில் அது கியர் தடியின் அடியில் இருந்த றபர் தொப்பியால் போனது. மேலே இருந்து பார்த்தால் நல்லதாகத்தான் தெரியும். விரலால் மடித்துப் பார்த்தபோதுதான் சுற்றிவர வெடித்திருந்தது. மழை நேரம் தடியால் வழிந்து வரும் தண்ணீர் ஒவ்வொரு சொட்டாக நேரே கியர் பெட்டிக்குள். புது றபர் உடனே கிடைக்கவில்லை, மோட்டார் சைக்கிள் ரியூப்பில் ஒரு சாண் வெட்டி, தடிக்கு மேலால் இறக்கி, மேலும் கீழும் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். மூன்று மாரி தாங்கியிருக்கிறது. ஒயில் கம்பி இறுக்கமாக உட்காருகிறதா, ஊற்றும் மூடியின் வாசர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குறைந்த ஒயில் எங்கே போனது என்றும் தேட வேண்டும். கிளச் பெட்டிக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டையில் கொட்டர் பின் தொங்கும், அதை ஒருக்கால் ஆட்டிவிட்டுப் பாருங்கள், ஓட்டை மண்ணால் அடைத்திருந்தால் ஒயில் உள்ளே தேங்கிக் கிளச்சை நனைத்துவிடும். அதால் ஒழுகுவது கறுப்பு என்றால் எஞ்சின் ஒயில், பின் சீல் போய்விட்டது. மஞ்சளாக, கியர் ஒயில் மணத்தோடு வந்தால் கியர் பெட்டியின் முன் சீல். பின் சில்லுகளின் உள்பக்கத்தையும் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் ஒயில் பிறேக்குக்குள் போகிறது, 135 இன் பிறேக் உலர்ந்து இருக்க வேண்டியது, ஒயில் பட்டால் பிடிக்காது. அளவுக்கு மேலே ஊற்றினாலும் இந்தச் சீல்களால்தான் வெளியே வரும், அதனால் நிறைய இருந்தால் நல்லது என்று நினைத்து மேல் கோட்டைத் தாண்ட வேண்டாம்.

நாவற்குழி_டிப்பர்

ஒருவரும் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். அப்பா இந்த மெசினில் டிப்பர் பெட்டி இழுத்தவரா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் இருபது வருசமாக மண், கல் ஏற்றுகிறேன். டிப்பர் பெட்டியின் ஜக் தூக்குவது உங்கள் மெசினின் வயிற்றில் உள்ள அதே ஒயிலால்தான். பெட்டி மேலே போகும்போது பல லீற்றர் ஒயில் மெசினை விட்டு ஜக்குக்குள் போய்விடுகிறது. பெட்டியை முழுக்க இறக்காமல் பைப்பைக் கழற்றினால் அந்த ஒயில் பெட்டியோடு போய்விடும். பிறகு அந்தப் பெட்டியை இன்னொருவர் தன் மெசினில் கொழுவுவார், உங்கள் ஒயில் அவருக்கு, அவருடைய ஒயில் உங்களுக்கு. அவர் ஊற்றியது பழைய எஞ்சின் ஒயில் என்றால் அதுவும் உங்கள் பம்புக்குள் வரும். எங்கள் ஊரில் பெட்டி கை மாறாத வீடு இல்லை. ஒரு முறை என் மெசின் தேன் நிறத்தில் வேலைக்குப் போய், இரவல் பெட்டியோடு இரண்டு நாள் ஓடி, கறுப்பு நிறத்தில் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு நான் இரவல் பெட்டி கொழுவுவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. சொந்தக்காரர் கோபித்தாலும் பரவாயில்லை.

பைப் வாய்க்கு மூடி போட்டு வையுங்கள். மூடி இல்லை என்றால் ஒரு பொலித்தீன் பையாவது கட்டுங்கள். மண்ணில் விழுந்த வாயைத் துடைக்காமல் கொழுவுகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும்.

பைப்பில் ஊசித் துளை இருந்தால் விரலால் தடவிப் பார்க்க வேண்டாம். அழுத்தத்தில் வரும் ஒயில் தோலுக்குள் ஊசி மாதிரி ஏறிவிடும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். குத்திவிட்டது என்று தெரிந்தால் நோகவில்லை என்றாலும் உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.

உரும்பிராய்_செம்மண்

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் பிந்தி எழுதுகிறேன், ஏனென்றால் சொன்னதை எல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன்.

நான் முதலில் பார்த்தது கலப்பை தூக்கி இருந்தபோது, அதுவும் முற்றத்துச் சரிவில். றோட்டில் சமமாக விட்டு, இறக்கி, பொறுத்துப் பார்த்தேன். கீழ்க் கோட்டைத் தொட்டு நிற்கிறது. குறைவுதான், ஆனால் நான் நினைத்த அளவு இல்லை.

நிறம் பால் தேத்தண்ணியேதான். பேணி மூடியில் விட்டேன், கடுகு தாளித்த மாதிரிப் பொரிந்தது. கியர் தடி றபரை மடித்துப் பார்த்தேன், கோப்பாய் அக்கா சொன்னபடி அரைவாசி வெடிப்பு. மல்டி பவர் இல்லை. டிப்பர் பெட்டி, ஓம், அப்பா கடைசிக் காலத்தில் வாடகைக்குக் கல் ஏற்றியவர், பெட்டி வேறு ஆளுடையது.

பழைய ஒயிலை இறக்கிவிடலாம் என்று அடியில் படுத்தேன். ஒன்றுக்கு மேல் ட்ரெயின் நட் இருக்கிறது, எல்லாமே கறல் பிடித்து இறுகிப் போயிருந்தன. டீசலில் நனைத்த துணியைச் சுற்றி ஓரிரவு விட்டேன், காலையில் ஸ்பானருக்குப் பைப் போட்டு ஏறி மிதித்த பிறகுதான் அசைந்தன. பின் நட்டை மெல்லத் தளர்த்தியபோது முதலில் வந்தது ஒயில் அல்ல, வெறும் தண்ணீர். தெளிந்த தண்ணீர், ஒரு சிரட்டை நிறைய. பிறகு சாம்பல் நிறத்தில் கூழ் மாதிரி ஒன்று நூலாக இறங்கி, அதற்குப் பிறகுதான் அந்தப் பால் நிற ஒயில் தடதடவென்று கொட்டியது. இதையெல்லாம் வைத்துக்கொண்டா இவ்வளவு நாளும் பம்பைச் சுற்றவிட்டேன் என்று நினைக்க மனம் பதறிவிட்டது. மேலே புது ஒயில் ஊற்றியிருந்தால் இது அப்படியே கீழே கிடந்திருக்கும்.

சருவச்சட்டியின் அடியில் விரலால் வழித்துப் பார்த்தேன். மெல்லிய சாம்பல் பசை, உரசினால் வழுவழுப்பு. ஒன்றிரண்டு றபர்த் துண்டு. இது பயப்பட வேண்டியதா? பழைய ஒயில் இரண்டு வாளி நிற்கிறது, அதை என்ன செய்வது? உள்ளே டீசல் ஊற்றிக் கழுவலாமா?

பரந்தன்_வயல்

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் தம்பி. வழுவழுப்பான சாம்பல் பசை கனகால வேலையில் பல்லுகள் தேய்ந்து வந்தது, அது எல்லா மெசினிலும் இருக்கும். விரலில் நெருடும் இரும்புத் துண்டு, மஞ்சளாக மினுங்கும் செதில் இருந்தால்தான் கியர் பெட்டியைத் திறக்க வேண்டும். றபர்த் துண்டு ஒரு சீலில் இருந்து வந்திருக்கலாம், உங்கள் கலப்பை இறங்குவதோடு அதைச் சேர்த்து யோசிக்கிறேன். அது பம்பின் வலையிலும் போய் ஒட்டியிருக்கும். இப்போது ஒயில் இல்லாமல் நிற்கிற நேரம்தான் வசதி, பக்கத் தட்டைக் கழற்றி ரோச் அடித்துப் பாருங்கள், எட்டுகிற இடத்தைத் துணியால் துடையுங்கள். நூல் பிரிகிற துணி வேண்டாம். தட்டைத் திரும்பப் பூட்டும்போது புது பக்கிங் வெட்டிப் போடுங்கள்.

டீசலை மட்டும் ஊற்றி ஓட்ட வேண்டாம், பம்புக்கு வழுக்கல் இருக்காது. மலிவான ஒயில் கொஞ்சம் ஊற்றி, சுமை ஒன்றும் கொழுவாமல், கைகளைப் பத்துப் பதினைந்து தரம் ஏற்றி இறக்கி, சூட்டோடு இறக்கிவிடுங்கள். சூடாக இருந்தால்தான் கசடும் சேர்ந்து வரும்.

முழு அளவு ஏறத்தாழ 30 லீற்றர். ஆனால் இறக்கும்போது முழுக்க வராது, மூலை முடுக்குகளில் கொஞ்சம் நிற்கும், ஆகவே 30 என்று அளந்து ஊற்றாமல் கம்பியைப் பார்த்து ஊற்றுங்கள். நீங்கள் சொன்ன அந்த மூடிதான் ஊற்றுமிடம். 25 லீற்றர் அளவில் நிறுத்துங்கள். கியர் பெட்டியில் இருந்து பின்னுக்கு ஒயில் போக நேரம் எடுக்கும், அவசரப்பட்டால் கம்பி ஒன்று காட்டும், பின்னேரம் பார்த்தால் வேறொன்று காட்டும். ஓட்டி, ஏற்றி இறக்கி, நிறுத்தி, பொறுத்துப் பார்த்து மிச்சத்தை விடுங்கள்.

கோப்பாய்_மகள்

பழைய ஒயிலை வளவில் ஊற்றிவிடாதீர்கள், தயவு செய்து. எங்களுக்கு ஆறும் இல்லை, குளத்துத் தண்ணீர் குடிப்பதும் இல்லை, குடிப்பது பெரும்பாலும் கிணறு. அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல், ஓட்டையும் வெடிப்புமாக இருக்கிறது, இங்கே ஊற்றியது பத்து வளவு தள்ளிக் கிணற்றில் மிதக்கும். சுன்னாகத்துக் கிணறுகளில் ஒயில் மணந்ததும், சனம் போத்தலோடும் வாளியோடும் தண்ணீர்ப் பவுசருக்குக் காத்து நின்றதும் 2015 அளவில் நடந்தவை. உரும்பிராய் பக்கத்து ஊர், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கலனில் அடைத்து மூடி, பழைய ஒயில் எடுக்கும் கராஜ் ஒன்றில் கொடுங்கள். தண்ணீர் கலந்தது என்று சொல்லிக் கொடுங்கள்.

வல்லைவெளி

நேற்றுப் பின்னேரம் எங்கள் 35 இன் கம்பியை இழுத்துப் பார்த்தேன். நிறம் நல்லதுதான், ஆனால் றபர் தொப்பி வெடித்திருக்கிறது. மழைக்கு முன் மாற்ற வேண்டும். கோப்பாய்த் தங்கச்சி, மோட்டார் சைக்கிள் ரியூப் என்றது எந்த அளவு?

கோப்பாய்_மகள்

பின் சில்லு ரியூப் அண்ணை, முன் சில்லினுடையது ஒடுக்கம். தடியின் குமிழைக் கழற்றிவிட்டு இறக்கினால் சுகம். கீழ்ப் பக்கம் கம்பியை முறுக்கும்போது ரியூப் வெட்டுப்படாமல் உள்ளே ஒரு துண்டு துணி வைத்துக் கட்டுங்கள்.

உரும்பிராய்_செம்மண்

முடித்துவிட்டேன். யூரிரிஓ 20 லீற்றர் வாளி ஒன்று, 5 லீற்றர் கலன் இரண்டு வாங்கினேன். மலிவு ஒயிலால் ஒரு தரம் கழுவியது, அதுவும் வெளிறித்தான் வந்தது. பக்கத் தட்டைத் திறந்து ரோச் அடித்தபோது வலையில் றபரும் தும்பும் ஒட்டியிருந்தன, எடுத்துவிட்டேன். 27 லீற்றரில் மேல் கோட்டுக்கு வந்தது, மூன்று லீற்றர் கையில் மிச்சம்.

நடுக்கம் போய்விட்டது. கொத்துக் கலப்பை ஒரே இழுப்பில், சத்தமில்லாமல் ஏறுகிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அப்பா இருந்த காலத்தில் இப்படித்தான் ஏறும் என்று சொல்லிக்கொண்டு கனநேரம் நின்று பார்த்தா.

எஞ்சினை நிறுத்தினால் இப்போதும் இறங்குகிறதுதான், ஐந்து நிமிடம் இருந்தது பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்கிறது. ஓடும்போது தலையாட்டவில்லை. இதோடு உழலாமா, அல்லது மேல் மூடியைத் திறந்து சீல் மாற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டுமா?

பரந்தன்_வயல்

தலையாட்டாமல் பன்னிரண்டு நிமிடம் என்றால் உழுங்கள். வயலில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கலப்பையைத் தொங்கவிடப் போவதில்லையே. மேல் மூடி பாரமான சாமான், தூக்க ஆளும் செயினும் வேண்டும், பிஸ்ரன் சீல் மாற்றும் வேலையை அறுவடை முடிந்து மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் நிறுத்தும்போதெல்லாம் கலப்பையை நிலத்தில் இறக்கிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

முதல் ஒரு கிழமை தினமும் காலையில் ஸ்டார்ட் பண்ண முதல் நிறத்தைப் பாருங்கள். உள்ளே ஒட்டியிருந்த தண்ணீரால் லேசாக மங்கலாம். இராத்திரி நின்ற பிறகு பின் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தி நாலு சொட்டுத் தண்ணீர் வருகிறதா என்று பார்த்து இறுக்குங்கள். அந்த மூன்று லீற்றரை விற்றுவிட வேண்டாம், அதே ஒயில் திரும்பக் கிடைக்கும் என்று நம்ப முடியாது. கலனின் மேல் தேதியும் ஒயில் பெயரும் எழுதிக் கொட்டிலில் வையுங்கள்.

உரும்பிராய்_செம்மண்

எழுதி வைத்துவிட்டேன். கொட்டில் தகரமும் நேற்று அடித்தாயிற்று. நாளைக் காலை நீர்வேலிக்கு.